அண்ணி ஜெயித்த வழக்கும் நான் ஜெயிக்காத வழக்கும்

1. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், என் கணவரின் அக்கா எஸ்தர் அண்ணி, காசு தராமல் இழுத்தடித்த ஒரு கேட்டரிங் முதலாளி மீது போட்ட வழக்கில் ஜெயித்தார். முழு விசாரணை இல்லை. சாட்சி இல்லை. குறுக்கு விசாரணை இல்லை. காகிதங்களைப் படித்துவிட்டு நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

2. கிறிஸ்துமஸ் அன்று, பண்டமாரானில் தன் வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அண்ணி அந்தக் கதையைச் சொன்னார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். யாரும் கழுவச் சொல்லவில்லை.

3. போன புதன்கிழமை, அதே முதலாளி மீது, அதே வக்கீல் வழியாக நான் கேட்ட அதே மாதிரித் தீர்ப்பு எனக்கு மறுக்கப்பட்டது.

4. அண்ணி ஃபோன் செய்தார். நான் எடுக்கவில்லை.

5. மறுநாளும் செய்தார். அன்றும் எடுக்கவில்லை.

6. சனிக்கிழமை காலை அவரே கிளம்பி வந்து, செந்தூலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஏதோ அசைந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பட்டியல் பழக்கம் தெரியும். மனசு கலங்கினால் சிலர் அழுவார்கள், சிலர் சாப்பிடுவார்கள். நான் எண் போடுவேன். எண் போட்டு எழுதினால் நடந்ததெல்லாம் என் கட்டுப்பாட்டில் இருப்பது போல ஒரு தோற்றம் கிடைக்கும். இந்த வாரம் அந்தத் தோற்றம் ஆறாவது எண்ணோடு தீர்ந்துபோனது. மீதியை வழக்கம் போலத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் தொழில். நான் குளிர்சாதன இன்ஜினியர். உணவகங்களுக்கும் கேட்டரிங்காரர்களுக்கும் கோல்ட் ரூம் கட்டித் தருகிறேன் — ஓர் அறை அளவுக்கு ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி என்று பெயர்... உள்ளே பார்த்தால் நான், ஒரு டெக்னீஷியன், ஒரு வேன்.

எஸ்தர் அண்ணியின் தொழில் தாப்பாவ் டப்பா. சாப்பாட்டைக் கட்டிக்கொடுக்கும் பெட்டி, கிண்ணம், மூடி, கரண்டி எல்லாம் மொத்த விலைக்கு. சொந்த லோரி. பல நாள் ஓட்டுவதும் அவரேதான்.

கிள்ளானில் இருக்கும் அந்த முதலாளிக்கு அண்ணி பல வருஷமாகச் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி புதிய சமையல்கூடம் கட்டியபோது, “என் தம்பி பொண்டாட்டி கோல்ட் ரூம் செய்வா பாஸ், கெட்டிக்காரி” என்று என்னை அறிமுகம் செய்து வைத்தவரும் அண்ணிதான். நான் நன்றி சொன்னேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

பிறகு முதலாளி எங்கள் இருவருக்கும் காசு கொடுப்பதை நிறுத்தினார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் பிரேமா என்ற வக்கீலிடம் போனோம். அண்ணி முதலில் போனார். எதிலும் அவர்தான் முதலில்.

இப்போது கொஞ்சம் சட்டம். பயப்படாதீர்கள், கொஞ்சம்தான்.

ஒப்பந்தம் தெளிவாக இருக்கிறது. பேசியபடி சரக்கோ வேலையோ கொடுத்தாகிவிட்டது. எதிராளியிடம் சொல்ல எதுவும் இல்லை. அப்படியிருக்க, முழு விசாரணை வரும்வரை ஏன் காத்துக்கிடக்க வேண்டும்? அதற்குத்தான் சம்மரி ஜட்ஜ்மென்ட் என்று ஒரு வழி. நாம் சத்தியம் செய்து எழுதிய அபிடவிட், எதிராளியின் அபிடவிட், அதற்கு நம் பதில். அவற்றைப் படித்துவிட்டு, எதிராளியிடம் உண்மையான தற்காப்பு எதுவும் இல்லை என்று நீதிபதி கண்டால், வழக்கை அங்கேயே முடித்துவிடுவார்.

ஆனால் — இங்கேதான் விஷயம் — தன் பக்கம் சரி என்று எதிராளி இந்தக் கட்டத்தில் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘இதை ஆளை வைத்து விசாரித்துத்தான் பார்க்க வேண்டும்’ என்று சொல்லும்படி ஒரே ஒரு கேள்வியை எழுப்பினால் போதும். வெறும் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. கைக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டால் முழு விசாரணை.

அண்ணியின் வழக்கில் முதலாளியால் அந்தக் கேள்வியை எழுப்ப முடியவில்லை. ஏன் தெரியுமா?

அண்ணி வேலை செய்யும் விதம் அப்படி. சமையல்கூடத்தின் பின்வாசலில் லோரியை நிறுத்துவார். லோரியின் பின்கதவைத் திறந்து காட்டி, அவர்கள் ஆட்களை எண்ண விடுவார். டெலிவரி ஆர்டரில் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் விழும்வரை ஒரு பெட்டிகூடக் கீழே இறங்காது. “சாப்பு அடிச்சாத்தான் சாமான் இறங்கும்” என்பார்; சாப்பு என்றால் முத்திரை. மழை கொட்டினாலும் இதேதான். கல்யாண ஆர்டர், அவசரம் என்றாலும் இதேதான். முத்திரை வைத்திருக்கும் கிளார்க் சாப்பிடப் போயிருந்தால், அண்ணி லோரியில் உட்கார்ந்து தானும் சாப்பிடுவார்.

ஒரு தடவை நான் கூடப் போயிருந்தேன். வெட்கமாக இருந்தது. வாடிக்கையாளரிடம் இப்படியா நடந்துகொள்வது என்று நினைத்தேன்.

கோர்ட்டில் முதலாளி என்ன சொன்னார்? டப்பாக்கள் தரமில்லை, வாய்மொழியாகப் பலமுறை புகார் செய்தேன் என்றார். எந்த டப்பா, எப்போது, யாரிடம் — ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் முத்திரை குத்திய காகிதக் கட்டு. வெறும் மறுப்பு தற்காப்பு ஆகாது என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று அண்ணி அதைச் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

“நான் பாட்டுக்கு லோரில உட்காந்திருந்தேன். கோப்பி ஐஸ் வாங்கி வச்சிருந்தேன். ஐஸ் கரையல, பிரேமா ஃபோன் போட்டு, ‘முடிஞ்சிருச்சு அக்கா’ன்னா. ‘என்னா முடிஞ்சிருச்சு, நான் ஒண்ணுமே பேசலியே’ன்னேன். ‘நீங்க பேசவே வேணாம் அக்கா’ன்னா.”

வீடே சிரித்தது. சர்ச்சிலிருந்து வந்திருந்த ஓர் அங்கிள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, “ஷாமினி, ஒன் கேஸும் இப்படித்தான் ஆகும் பாரு” என்றார்.

“பாப்போம் அங்கிள்” என்றேன். கையில் இருந்த தட்டு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. மறுபடி தேய்த்தேன்.

எனக்கு எதன் மீது பொறாமை? உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தீர்ப்பின் மீது இல்லை. ‘நீங்க பேசவே வேணாம் அக்கா’ — அந்த ஒரு வரியின் மீது.

சிலருக்கு வாழ்க்கையே சம்மரி ஜட்ஜ்மென்ட்தான். கல்யாணத்துக்கு அண்ணி தாமதமாக வந்தால், என் மாமியார் “பாவம், வேலை முடிச்சு ஓடி வர்றா” என்பார். தீர்ப்பு முடிந்தது. நான் தாமதமாக வந்தால்? ஃபெடரல் ஹைவேயில் ஜாம் என்றால் எந்த இடத்தில் ஜாம், எப்போது கிளம்பினாய், வேறு வழி இல்லையா... முழு விசாரணை. ஜாமை போட்டோ எடுத்துக் காட்டியிருக்கிறேன், ஐயா. அது போன வாரம் எடுத்ததில்லையே என்று கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். கேள்வி கேட்கப்படாதவர். இல்லையா?

சரி, என் வழக்கு.

நான் கட்டிய கோல்ட் ரூம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாண சீசன் வந்தால் முதலாளி கூப்பிடுவார். “சிஸ்டர், ரூம் கொஞ்சம் சூடாகுது. வந்து பாக்குறீங்களா?” உடனே நான் தனியாகவே போவேன். காசு வாங்கமாட்டேன். நம் ஊரில் தொழில் அப்படித்தானே நடக்கிறது? ஒப்பந்தத்தில் இல்லாததையும் செய்து கொடுப்போம், உறவு கெடக் கூடாது என்று. அதுவும் அண்ணி அறிமுகம் செய்த மனிதர்.

போனால் என்ன பார்ப்பேன்? கோல்ட் ரூம் கதவு விரியத் திறந்து கிடக்கும். மூடாமல் இருக்க ஒரு வெங்காய மூட்டையை அண்டக் கொடுத்திருப்பார்கள். தட்டுகளை உள்ளேயும் வெளியேயும் தூக்கிக்கொண்டு ஓடும் சமையல் ஆட்களுக்கு ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மூட நேரம் இல்லை. குளிர் முழுக்க வெளியே. எந்த மிஷின் தாங்கும்?

இதை நான் முதலாளியிடம் சொன்னேனா? இல்லை. அவர் இடத்தில் நின்றுகொண்டு அவர் ஆட்களைக் குறை சொல்வதா? மூட்டையை நானே நகர்த்திவைப்பேன். கதவைச் சாத்துவேன். கதவு ரப்பரைத் துடைத்து இறுக்குவேன். பிறகு வேனில் உட்கார்ந்து அவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவேன்.

‘வணக்கம் பாஸ். இன்று செய்தவை: 1. கதவு ரப்பர் சரிசெய்யப்பட்டது. 2. தண்ணீர் வடியும் குழாய் சுத்தம் செய்யப்பட்டது. 3. வெப்பநிலை சோதிக்கப்பட்டது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.’

கூடவே போட்டோ. மூட்டையை நகர்த்திய பிறகு எடுத்தது. எவ்வளவு மரியாதை பாருங்கள்.

முதலாளியின் அபிடவிட்டில் அத்தனையும் இணைப்பாக வந்தது. என் எண்கள், என் போட்டோக்கள், என் மன்னிப்புகள். வாதம் ஒன்றுதான்: ‘அறையில் குறை இல்லையென்றால் இவர் ஏன் திரும்பத் திரும்ப வந்து சரிசெய்தார்?’ அதோடு நிற்கவில்லை. ஒரு கல்யாண விருந்துக்கு வாங்கிய ஆட்டுக்கறி கெட்டுப்போனதாம், அதற்கு நான் நஷ்டஈடு தர வேண்டுமாம். எதிர்க்கோரிக்கை.

என் கணவர் டேனி ஒரு நாள் மெதுவாகக் கேட்டார், “பேசாம விட்டுட்டா என்னா?”

காசை விடலாம். ஆனால் ஷாமினி கட்டிய அறை தரமில்லை என்று ஒருவர் சத்தியம் செய்து எழுதிய காகிதம் கோர்ட் ஃபைலில் இருக்கிறது. அதை எப்படி விடுவது? கேட்டரிங்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள். அம்பாங்கில் ஓர் உணவகம் என் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. “கேஸ் முடியட்டும் சிஸ்டர், அப்புறம் பாக்கலாம்.” அந்த ‘அப்புறம்’ வந்தால்தான் என் டெக்னீஷியனுக்கும் வேலை, வேனுக்கும் வேலை.

என் பதில் அபிடவிட்டைத் தயார் செய்தபோது வெங்காய மூட்டையைப் பற்றி பிரேமாவிடம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.

“இத ஏன் மெசேஜ்ல எழுதல?”

“மரியாதையா இருக்காதுன்னு...”

“வழக்கு வந்தப்புறம் யோசிச்சு சொல்றாங்கன்னு அந்தப் பக்கம் சொல்வாங்க. சரி, உங்களத் தவிர யாராவது பாத்திருக்காங்களா? அங்க அடிக்கடி போற ஆளு?”

வாராவாரம் அந்தப் பின்வாசலில் லோரியை நிறுத்திவந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். பிரேமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணி பார்த்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, இல்லையா? இன்ஜினியர் நிச்சயமில்லாததைச் சொல்லக் கூடாது, இல்லையா?

“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

கேட்கவில்லை. அப்போதுதான் கிறிஸ்துமஸ் முடிந்திருந்தது. அந்தக் கோப்பி ஐஸ் என் காதிலேயே இருந்தது. ஜெயித்தவரிடம் போய், “அண்ணி, எனக்கும் கொஞ்சம்” என்று நிற்பதா? பிரேமா இரண்டாவது முறை கேட்டபோது, “யாரும் கிடைக்கல” என்று எழுதி அனுப்பினேன். என் கதையை நான் மட்டும் சத்தியம் செய்து சொன்னேன்.

போன புதன்கிழமை பிரேமா கூப்பிட்டார்.

“ஷாமினி, அலவ் பண்ணல. ட்ரையலுக்குப் போகுது.”

“ஏன் மிஸ் பிரேமா?”

“ரூம் ஏன் சூடாச்சுன்னு நீங்க ஒரு மாதிரி சொல்றீங்க, அவர் ஒரு மாதிரி சொல்றார். வெறும் பேப்பர படிச்சு யார் சொல்றது நிஜம்னு ஜட்ஜ் முடிவு பண்ண மாட்டார். ஆளப் பாக்கணும், பேச்சக் கேக்கணும்.”

“அவர் பொய் சொல்றார்.”

“இருக்கலாம். அதக் கண்டுபிடிக்கத்தான் ட்ரையல்.”

நியாயமான பதில். அதுதான் எரிச்சலாக இருந்தது. அநியாயமாக இருந்தால் கோபப்படவாவது செய்யலாம். யோசித்துப் பாருங்கள், அந்த முதலாளியின் இடத்தில் நான் இருந்து, என்னைப் பேசவிடாமல் காகிதத்தை வைத்தே முடித்திருந்தால் நான் சும்மா இருப்பேனா? எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அண்ணிக்கு மட்டும் ஐஸ் கரைவதற்குள் முடிந்ததை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது.

டேனி கதவைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நான் பாசார் வரைக்கும் போயிட்டு வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாசாருக்கு முதல் நாள்தான் போய்வந்திருந்தோம்.

“ஃபோன் கெட்டுப் போச்சா?” அண்ணி கேட்டார்.

“இல்ல அண்ணி.”

“அப்ப காது?”

அண்ணி நேராகச் சமையலறைக்குப் போய்ப் பையைத் தொட்டியில் கவிழ்த்தார். நண்டு. உயிரோடு. கிள்ளான் நண்டு. நான் கழுவப் போனேன்.

“நவுரு. கிறிஸ்மஸ்ல நீ கழுவுனது போதும்.”

அப்படியென்றால் கவனித்திருக்கிறார்.

“ஜட்ஜ் என்னாதான் சொன்னாரு?”

“மூணு விஷயம் அண்ணி. முதல்ல—”

“மூணு வேணாம்லா. ஒண்ணு சொல்லு.”

“ரூம் ஏன் சூடாச்சுன்னு பேப்பர்ல தெரியலயாம்.”

அண்ணி நண்டின் காலைப் பிடித்தபடி திரும்பினார். “ஏன் சூடாச்சா? வெங்காய மூட்டைய வச்சு எந்நேரமும் கதவத் திறந்து போட்டா சூடாகாம குளிருமா?”

தொட்டியில் ஒரு நண்டு மற்றொன்றின் மீது ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நீங்க பாத்தீங்களா அண்ணி?”

“பாக்குறதா? அந்த மூட்டையில முட்டிய இடிச்சிருக்கேன். என் டப்பா வைக்கிற வழிய மறைச்சுக்கிட்டு நிக்கும். அந்தப் பசங்கள ஏசுனேன், ‘பிந்து துத்துப்லா, கதவ மூடுங்கடா’ன்னு. கேக்கல. அப்புறம் பாஸ்கிட்டயே சொன்னேன், ‘ஒங்க ரூம் கதவு திறந்தே கெடக்கு, என் சாமான் வைக்க வழியில்ல, மூடச் சொல்லுங்க’ன்னு.”

“பாஸ் என்னா சொன்னாரு?”

“‘சரிக்கா, பசங்ககிட்ட சொல்றேன்’னாரு. எங்க சொன்னாரு?”

நான் மரியாதைக்காக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நகர்த்திவைத்த மூட்டையைப் பற்றி, அண்ணி முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். கறி கெடும் என்ற கவலையில் இல்லை. தன் டப்பாவுக்கு வழி வேண்டும் என்று.

“இத ஏன் என்கிட்ட கேக்கல? வாராவாரம் போனவ நான்தானே?”

என்னிடம் காரணங்கள் இருந்தன. வரிசையாக இருந்தன. ஒன்று போதும் என்று சற்று முன்தான் சொல்லியிருந்தார்.

“நீங்க ஜெயிச்சிட்டீங்க அண்ணி. அதான் கேக்கல.”

அண்ணி குழாயை மூடினார்.

“ஜெயிச்சு என்னா வந்துச்சு? பேப்பர்தான் வந்துச்சு. அவன் இன்னும் ஒரு காசு குடுக்கல. அடுத்து அவன் பேங்க் கணக்க முடக்கணும், சாமான ஜப்தி பண்ணணும்னு பிரேமா என்னென்னமோ சொல்றா. கிறிஸ்மஸ்ல இதெல்லாம் சொல்ல முடியுமா? ஒன்ன அவன்கிட்ட கூட்டிட்டுப் போனவ நான். என் கேஸாவது நல்லா முடிஞ்சிச்சுன்னு காட்டிக்க வேணாம்?”

உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது. பார்க்க அழகான நிம்மதி இல்லை அது. தீர்ப்பு வேறு, காசு வேறு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அண்ணியின் கையில் இருப்பதும் ஒரு காகிதம்தான்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ...

“ஆனா ஜெயிச்சது ஜெயிச்சதுதான்லா” என்றார்.

நிம்மதி போய்விட்டது.

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. சாரி சொல்லமாட்டார். யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வேளை, அதற்குப் பதிலாகத்தான் நண்டு கொண்டுவருகிறாரோ என்னவோ. நான் சாரியை எல்லோருக்கும் கொடுத்தேன், வாட்ஸ்அப்பில், எண் போட்டு. என்னிடம் ஒரு நண்டுகூட இல்லை.

திங்கட்கிழமை இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். நான் முதலில் கேட்டது இதைத்தான்: “அண்ணி சொன்னத அப்பவே அபிடவிட்டா போட்டிருந்தா, எனக்கும் சம்மரி ஜட்ஜ்மென்ட் கிடைச்சிருக்குமா?”

பிரேமா யோசித்தார். “சொல்ல முடியாது. அவர் அதையும் மறுத்திருப்பார். அப்பவும் யார் சொல்றது நிஜம்ங்கிற கேள்வி அப்படியேதான் நிக்கும். ட்ரையலுக்கே போயிருக்கலாம்.”

இது ஆறுதலா, தண்டனையா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனிமேல் தெரியப் போவதில்லை. கேட்காததற்கு என்ன காரணம் என்பது மட்டும் தெரியும்.

ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது என்று பிரேமா எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். அண்ணி உள்ளே போனார். நான் வெளியே நாற்காலியில். அந்த ஆபீஸின் தடுப்பு மெல்லிய பலகை. கீழே பூக்கடையில் மல்லிகைக்குப் பேரம் பேசுவதுகூடக் கேட்கும்போது, பக்கத்து அறை கேட்காதா? காதைப் பொத்திக்கொண்டா உட்காருவது?

“கதவு திறந்திருந்தத நீங்களே பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ஒரு தடவையா, பல தடவையா?”

“பல தடவ.”

“எத வச்சுத் திறந்து வச்சிருந்தாங்க?”

“வெங்காய மூட்டை.”

“மூட்டைதான்னு நிச்சயமா சொல்ல முடியுமா?”

“முட்டியக் காட்டவா?”

பிரேமா சிரிப்பது கேட்டது. இத்தனை மாதத்தில் என் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சிரித்ததே இல்லை.

பிறகு அண்ணி வெளியே வந்தார். நான் உள்ளே போனேன்.

“ரூம ஒப்படைச்ச அன்னிக்கு அது நல்லா வேலை செஞ்சதா?”

“அதுல நாலு அம்சம் இருக்கு மிஸ் பிரேமா. முதல்ல கம்ப்ரஸர். அத வெயில் நேரத்துலயும் ஓட்டிப் பாத்தோம். ரெண்டாவது—”

பிரேமா பேனாவைக் கீழே வைத்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “ஆமான்னு சொல்லுலா.”

நிலவரம் இதுதான். என் வழக்கு முழு விசாரணைக்குப் போகிறது. ஆட்டுக்கறி கோரிக்கையும் கூடவே போகிறது. தேதி கொடுத்துவிட்டார்கள். அம்பாங் உணவகம் காத்திருக்கிறது, அல்லது காத்திருப்பதாகச் சொல்கிறது. அண்ணிக்கு இன்னும் காசு வரவில்லை. என் தரப்பில் சாட்சிகள் இரண்டு பேர். இரண்டாவது சாட்சிக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், முதல் சாட்சிதான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பழக வேண்டும் என்று பிரேமா சொல்லியிருக்கிறார்.

முதல் சாட்சி நான்.